கால்நடை மருத்துவராக விரும்பும் பிள்ளைக்கு முதற்பாடம்



"பெரியவனானதும் என்னவாக விரும்புகின்றாய்?" என்று வகுப்பில் வினவினால், மருத்துவர், ஆசிரியர், வழக்கறிஞர் என்னும் விடைகளே பெரிதும் வரும். இக்காலத்தில் "கால்நடை மருத்துவர்" என்னும் விடையும் ஒன்றிரண்டு பிள்ளைகளிடமிருந்து வருகின்றது. அப்பிள்ளைகளின் பெற்றோர், "அதற்கு என்ன படிக்க வேண்டும், ஐயா?" என்று கேட்கின்றனர். அதனோடு சேர்த்துக் கேட்கவேண்டிய வினா மற்றொன்றும் உண்டு. "அதற்கு என்ன பழகியிருக்க வேண்டும்?" என்பதே அது.

முதல் வினாவுக்கு விடை எளிது. இடைநிலைப்பள்ளியில் உயிரியல், வேதியியல், பௌதிகம், கணிதம் ஆகியவற்றை ஊன்றிக் கற்க வேண்டும். பின்னர் எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேசன் படிப்பில் சிறந்த தேர்ச்சி பெற வேண்டும். நம் நாட்டில் இக்கல்விக்குத் தாயகமாய் விளங்குவது செர்டாங் நகரிலுள்ள பல்கலைக்கழகமாகும். 1971-ஆம் ஆண்டில் மலேசிய விவசாயப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய அது, 1997 முதல் மலேசிய புத்ரா பல்கலைக்கழகம் எனப்படுகின்றது. அங்குக் கால்நடை மருத்துவப் படிப்பு 5 ஆண்டுகள். மலேசிய கிளந்தான் பல்கலைக்கழகத்திலும் இக்கல்வி உண்டு. நம் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கிலுள்ள இன்ஸ்டிடியூட் வெட்டரினார் மலேசியா, கால்நடைத்துறைப் பணிகளுக்குரிய பயிற்சியை அளிக்கின்றது. தமிழகத்தில் சென்னை வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். அமெரிக்க நாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள், விண்ணப்பிக்கும் மாணவர் விலங்குகளோடு எத்தனை மணி நேரம் பழகியிருக்கின்றார் என்று கணக்குக் கேட்கின்றன. அவ்வனுபவத்தை இரண்டாகப் பிரிக்கின்றன. மருத்துவர் உடனில்லாமல் ஆடு, மாடு, கோழி, நாய் முதலியவற்றைப் பேணி வளர்த்தது ஒரு வகை. கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் பணிசெய்தும் பார்த்தும் கற்றது மற்றொரு வகை. முதல் வகை இல்லாதவருக்கு இரண்டாம் வகை எளிதில் கைகூடுவதில்லை. மாட்டின் அருகே செல்லவே அஞ்சுகின்றவர் அதன் நோயை எங்ஙனம் அறிவார்?

பெற்றோர்களே, இங்குதான் நாம் சிந்திக்க வேண்டும். பட்டணத்துப் பிள்ளைகள் தேடிச் சென்று பெறும் அனுபவம், நம் பிள்ளைகள் பலருக்கு லயத்தின் பின்புறக் கொட்டகையிலேயே கிடைத்து வந்தது. தெப்ராவ் வட்டாரத்தில் பால்மரக் காடுகள் செம்பனையாகவும், பின்னர் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டதால் கொட்டகைகள் குறைந்துவிட்டன. எனினும் உறவினர் வீட்டிலேனும் ஆடும் கோழியும் இருக்கக்கூடும். அவற்றை நாம் மதிப்பதில்லை. சாண நாற்றத்தைக் குறைவாக எண்ணுகின்றோம். நானும் அப்பிழையைச் செய்தவனே.

பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் வேறொரு தோட்டப் பள்ளியில் ஆசிரியனாய் இருந்தேன். ஒருநாள் காலை மாணவன் ஒருவன் மிகவும் பிந்தி வந்தான். கால்சட்டையில் சாணம் படிந்திருந்தது. அவனை வகுப்பின் முன் நிறுத்திக் கடிந்துகொண்டேன். மற்றப் பிள்ளைகள் நகைத்தனர். அன்று மாலை அவன் தந்தையார் வந்து நடந்ததைக் கூறினார். இரவில் அவர்களுடைய பசு கன்று ஈன முடியாமல் துன்புற்றதாம். கன்றின் முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கிக் கிடந்ததாம். பையன் விடியும்வரை விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். காலையில் வந்த மருத்துவர், "பனிக்குடம் எப்பொழுது உடைந்தது?" என்று கேட்டபொழுது, பெரியவர்கள் விழிக்க, பையனே கடிகாரம் பார்த்து வைத்திருந்து நேரத்தைச் சொன்னானாம். தாயும் கன்றும் பிழைத்தன.

மறுநாள் அம்மாணவனிடம் என் வருத்தத்தைத் தெரிவித்தேன். ஆயினும் அவன் அதன் பின்னர் வகுப்பில் மாட்டைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. தன் அறிவையே குறையென்று மறைக்க அவனுக்குக் கற்பித்தவன் நான். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அந்நினைவேயாகும்.

மாணவர்களே, அந்தச் சிறுவன் செய்தது என்ன? உற்று நோக்கினான், நேரத்தைக் குறித்துக்கொண்டான், கேட்டபொழுது உள்ளதைச் சொன்னான். கால்நடை மருத்துவத்தின் அடிப்படையே இதுதான். வாயில்லாச் சீவன் தன் நோயைத் தானே சொல்லாது. அருகிலிருப்பவர் கண்டு சொல்ல வேண்டும்.

ஆதலின் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நலமுள்ள பசு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 மணி நேரம் அசைபோடும். அசைபோடுவதை நிறுத்திவிட்டால் ஏதோ கோளாறு என்று அறியலாம். அதன் உடல் வெப்பம் ஏறத்தாழ 38.5 பாகை செல்சியஸ். நாடி நிமிடத்திற்கு 60 முதல் 80 வரை துடிக்கும். இடப்பக்க வயிறு பறைபோல் உப்பினால் அது வயிற்று உப்புசம். உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள், ஆட்டிற்குச் சுமார் 150 நாள், கோழி அடைகாப்பது 21 நாள். இவற்றைப் புத்தகத்தில் படிப்பதோடு நில்லாது, உங்கள் வீட்டுக் கோழி அடையில் அமர்ந்த நாளைக் குறித்து, குஞ்சு பொரிக்கும் நாள்வரை எண்ணிப் பாருங்கள். தீனி, தண்ணீர், சாணத்தின் தன்மை, நடை ஆகியவற்றையும் நாள்தோறும் எழுதுங்கள். கொட்டகை இல்லாதவர் வீட்டுப் பூனையிடமிருந்தே தொடங்கலாம்.

இடைநிலைப்பள்ளியில் பயிலும்பொழுது, விடுமுறை நாள்களில் கால்நடை மருத்துவ நிலையத்தையோ பண்ணையையோ பெற்றோருடன் அணுகி அனுமதி கேளுங்கள். முதலில் கூண்டு கழுவவும் தரை துடைக்கவும் சொல்வார்கள். முகஞ்சுளிக்காமல் செய்யுங்கள். மருத்துவர் என்ன கேட்கின்றார், எங்கே தொட்டுப் பார்க்கின்றார் என்பதைக் கவனியுங்கள். சில விலங்குகள் பிழைக்கா. அத்துயரைத் தாங்கப் பழகுவதும் இக்கல்வியின் ஒரு பகுதியே.

சில எச்சரிக்கைகளும் உண்டு. பெரியவர் உடனில்லாமல் பெரிய விலங்குகளை நெருங்காதீர். நீங்களே ஊசியோ மருந்தோ கொடுக்காதீர். விலங்கு மருத்துவத் தொழிலைப் பதிவுபெற்ற மருத்துவரே செய்ய வேண்டுமென்று 1974-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. விலங்கைத் தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். பாலைக் காய்ச்சியே பருகுங்கள். நாய் கடித்தால் காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 1998, 1999-ஆம் ஆண்டுகளில் நிப்பா நோய்க்கிருமி பன்றிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றி, நம் நாட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பத்து இலட்சத்திற்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. விலங்கின் நலத்தைக் காப்பவர் மனிதரின் உயிரையும் காக்கின்றார் என்பதற்கு இது சான்று.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுவிட்டு அதன் அருகே நெடுநேரம் நின்றால், "நேரத்தை வீணாக்காதே" என்று விரட்டாதீர்கள். என்ன கண்டாய் என்று கேளுங்கள். வீட்டுப்பாடம் முடிந்தபின் அரைமணி நேரம் அதற்கென ஒதுக்குங்கள். மாணவர்களே! கொட்டகையிலிருந்து நேரே பள்ளிக்கு வர நேர்ந்தால், கைகால் கழுவிக்கொண்டு, கண்டதை எழுதிய குறிப்பேட்டோடு வாருங்கள். இனி உங்களை வகுப்பின் முன் நிறுத்துவேனாயின், அது அக்குறிப்பேட்டை வாசித்துக் காட்டச் சொல்வதற்கேயாகும்.