மில்டன் வருவதற்கு முன் இரண்டு நாள்

2024 அக்டோபர் 7, திங்கட்கிழமை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், டாம்பா விரிகுடாவைச் சுற்றியுள்ள தெருக்களில் வாசலுக்கு வாசல் குப்பை மேடு. ஊறிப்போன மெத்தைகள், சோபாக்கள், ஃப்ரிட்ஜுகள், சுவரிலிருந்து உரித்தெடுத்த பலகைகள். பதினோரு நாளுக்கு முன் ஹெலீன் புயலோடு கடல் ஊருக்குள் ஏறி இறங்கியதன் மிச்சம் அது. வீட்டுக்குள் ஈரம் காயவில்லை. அதற்குள் மெக்ஸிகோ வளைகுடாவில் அடுத்தது கிளம்பிவிட்டது. பெயர் மில்டன்.

அந்த ஒரே நாளில் அது ஐந்தாம் வகைப் புயலாகி, மணிக்கு 290 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. பத்து மணி நேரத்தில் அதன் காற்றழுத்தம் 50 மில்லிபார் சரிந்ததைத் தொலைக்காட்சி நேரலையில் சொல்ல வந்த மயாமியின் மூத்த வானிலையாளர் ஜான் மோராலஸ், தொண்டை அடைத்துக் கலங்கினார். பல பத்தாண்டுகளாகப் புயல்களைப் பற்றிப் பேசிவந்தவர் அவர். அந்தச் சில நொடிகள் மக்களிடம் ஏற்படுத்திய தாக்கத்தை எந்த வரைபடமும் ஏற்படுத்தியிருக்காது.

வங்கக்கடலில் நாம் புயல் என்கிறோம். மேற்குப் பசிபிக்கில் டைஃபூன், அட்லாண்டிக்கில் ஹரிக்கேன். மூன்றும் ஒன்றுதான். காற்று மணிக்கு 119 கிலோமீட்டரைத் தொட்டால் அங்கே ஹரிக்கேன் என்ற பெயர் கிடைக்கும். அதற்குமேல் ஒன்றிலிருந்து ஐந்து வரை வகை எண். இந்த எண் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்கிறது. தண்ணீரைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. கடலோர மக்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் அங்குள்ள அதிகாரிகளுக்கு ஆண்டுதோறும் பெரும்பாடு.

மில்டன் வருமுன் முதல் வேலை, வாசலில் கிடந்த குப்பை. புயல்காற்றில் ஓர் உடைந்த நாற்காலிகூட எறிகுண்டாக மாறும். இரவு பகலாக அள்ளச் சொல்லி ஆளுநர் உத்தரவிட்டார். லாரிகள் போனபோது ஒரு குப்பைக் கிடங்கின் கேட் பூட்டியிருந்தது. நெடுஞ்சாலைப் போலீசார் வண்டியில் கயிறு கட்டி அந்தக் கேட்டையே இழுத்துப் பிடுங்கினார்கள். அப்படியும் எல்லாவற்றையும் அள்ளி முடிக்க நேரம் போதவில்லை.

வீடுகளில் நடந்த வேலை ஃப்ளோரிடாவாசிகளுக்குப் பழகியதுதான். ஜன்னல்களுக்குப் பிளைவுட் அடிப்பது, குளியல் தொட்டியை நிரப்புவது, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது ஏறத்தாழ நான்கு லிட்டர், குடிநீர் சேர்ப்பது, மருந்துகளையும் பத்திரங்களையும் பிளாஸ்டிக் பையில் போடுவது, பெட்ரோல் பங்கில் வரிசை நிற்பது. ஜன்னல் கண்ணாடியில் பெருக்கல் குறிபோல டேப் ஒட்டுவோர் இன்னமும் இருக்கிறார்கள். அதனால் பயன் ஏதுமில்லை. உடைந்தால் சின்னச் சில்லுகளுக்குப் பதில் பெரிய துண்டுகளாக வந்து விழும், அவ்வளவுதான். ஜெனரேட்டரைக் கார் ஷெட்டுக்குள் ஓட்டுவது இன்னும் மோசம். புயலுக்குத் தப்பியவர்கள் கார்பன் மோனாக்சைடில் மூச்சடங்குவது அங்கே திரும்பத் திரும்ப நடக்கிறது. வீட்டிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும் என்பது விதி.

கடைசி நேரத்தில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காத ஒன்று உண்டு: காப்பீடு. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. வெள்ளத்துக்குத் தனிக் காப்பீடு வேண்டும். அரசுத் திட்டத்தில் சேர்ந்தாலும், பொதுவாக முப்பது நாள் கழித்துத்தான் அது செல்லும். புயலோ ஒரு வாரத்துக்குள் வந்துவிடும்.

ஆனால் பிளைவுட், தண்ணீர், காப்பீடு எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரே ஓர் ஆங்கில எழுத்து. ஃப்ளோரிடாவின் கடலோர வீடுகள் ஒவ்வொன்றும் ஏ, பி, சி என்று மண்டலம் பிரிக்கப்பட்டவை. ‘ஏ’ என்றால் கடல் ஏறும்போது முதலில் மூழ்கும் இடம். புயல் தன் முன்னால் தண்ணீரைக் கரைநோக்கித் தள்ளிக்கொண்டே வரும். ஆழமான கடலாக இருந்தால் அந்த நீர் அடியில் இறங்கிப் பரவிவிடும். ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையிலோ வெகுதூரம் வரை ஆழமற்ற கடலடி. தள்ளிய நீர் போக இடமின்றி ஊருக்குள் ஏறுகிறது. ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கு மேல் எடை. அது மோதினால் சுவர் நிற்காது. 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் புயல் நேரடியாகக் கொன்றவர்களில் பத்தில் ஒன்பது பேரைக் கொன்றது தண்ணீர்தான். அதில் ஏறத்தாழ பாதி, இப்படி ஏறிவந்த கடல். காற்றிலிருந்து ஒளிந்துகொள், தண்ணீரிலிருந்து ஓடு என்று அங்கே சொல்வது இதனால்தான்.

டாம்பா பகுதிக்குப் பத்து முதல் பதினைந்து அடி வரை கடல் ஏறலாம் என்று தேசிய ஹரிக்கேன் மையம் எச்சரித்தது. கடலோர மண்டலங்களில் தங்குகிறவர்கள் செத்துப்போவார்கள் என்று டாம்பா மேயர் ஜேன் காஸ்டர் தொலைக்காட்சியில் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். சிலருக்கு அந்தப் பேச்சு கடுமையாகப் பட்டது. அதில் தவறு காண முடியவில்லை. இரண்டு வாரம்கூட ஆகாத ஹெலீனில், அருகிலுள்ள பினெல்லஸ் கவுண்டியில் மட்டும் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தார்கள்.

கிளம்பச் சொல்வது எளிது. கிளம்ப கார் வேண்டும், பெட்ரோல் வேண்டும், ஓட்டலுக்குப் பணம் வேண்டும், வேலைக்கு வராவிட்டால் பொறுத்துக்கொள்ளும் முதலாளி வேண்டும். படுக்கையில் கிடக்கும் முதியவரை யார் தூக்குவது? 2005இல் கத்ரீனா புயலின்போது நாயையும் பூனையையும் விட்டு வரமாட்டோம் என்று தங்கிவிட்டவர்கள் பலர். அடுத்த ஆண்டே, பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதே 2005இல் ரீட்டா புயலுக்குப் பயந்து ஹூஸ்டனிலிருந்து எல்லோரும் ஒரே சமயத்தில் கிளம்ப, சாலைகள் நாள்கணக்கில் உறைந்து நின்றன. முதியோர் இல்லத்தவர்களை ஏற்றிச்சென்ற பேருந்து தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். ‘சி’க்கு முன் ‘ஏ’ கிளம்ப வேண்டும் என்று வரிசை வகுப்பதன் பின்னால் இந்த அனுபவமும் இருக்கிறது. எல்லோரும் நூற்றுக்கணக்கான மைல் போகத் தேவையில்லை. சில மைல் தள்ளி மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடமே பெரும்பாலும் போதும்.

தயங்குவோர் கையில் பெரும்பாலும் ஒரு வரைபடம் இருக்கும். புயலின் கண் செல்லக்கூடிய பாதையைக் கூம்புபோலக் காட்டும் படம். கூம்புக்கு வெளியே இருந்தால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், மூன்றில் இரண்டு முறைதான் கண் அந்தக் கூம்புக்குள் செல்லும். மழையும் காற்றும் கடலும் கூம்பின் கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. 2022இல் இயன் புயல் டாம்பாவைக் குறிவைத்து வருவதாகத் தோன்றி, தெற்கே ஃபோர்ட் மயர்ஸ் பக்கம் திரும்பியது. ஃபோர்ட் மயர்ஸ் இருக்கும் லீ கவுண்டியில் வெளியேறும் உத்தரவு வந்ததே முந்தைய நாள்தான். ஃப்ளோரிடாவில் ஏறத்தாழ 150 உயிர்கள் போயின.

மில்டன் 9ஆம் தேதி இரவு எட்டரை மணி வாக்கில் மூன்றாம் வகைப் புயலாகக் கரையைக் கடந்தது. கடந்த இடம் டாம்பா அல்ல. அங்கிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தெற்கே, சியெஸ்டா கீ. வடகோளப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், வடக்கே இருந்த டாம்பாவில் காற்று நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசியது. பதினைந்து அடி ஏறும் என்று அஞ்சிய விரிகுடாவில் தண்ணீர் உள்வாங்கித் தரை தெரிந்தது. அஞ்சிய கடல் தெற்கத்திக் கரையில் ஏறியது. காலி செய்து போன டாம்பாக்காரர்கள் ஏமாந்தவர்கள் அல்ல. பாதை அந்த 75 கிலோமீட்டர் மாறாதிருந்தால் அவர்களின் வீடுகள் நீருக்குள் போயிருக்கும்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மீட்புப் பணியாளர்கள் தங்குவதற்கென ஒதுக்கிய டிராபிகானா ஃபீல்ட் அரங்கின் கூரையைக் காற்று கிழித்தெறிந்தது. புயல் கரையைத் தொடுவதற்குச் சில மணி நேரம் முன்பே, மாநிலத்தின் எதிர்ப்பக்கக் கடற்கரையில், செயின்ட் லூசி கவுண்டியில், மில்டனின் வெளிவிளிம்பு கிளப்பிய சுழற்காற்று முதியோர் வாழும் ஒரு குடியிருப்பில் ஆறு பேரைக் கொன்றது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 18 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. மறுநாள் காலை கிளியர்வாட்டரில், மழைவெள்ளம் சூழ்ந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து நூற்றுக்கணக்கானோரைப் படகுகளில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.