பழைய எஞ்சினும் இளைய கைகளும்



எங்கள் பெரம்பலூருக்கு இன்றும் இருப்புப்பாதை கிடையாது. ஆகவே, என் இளமையில் புகைவண்டியைக் காண வேண்டுமென்றால் அரியலூருக்குத்தான் செல்ல வேண்டும். விழுப்புரத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் அந்தப் பாதை அந்நாளில் மீட்டர் கேஜ் பாதை. தந்தையாரின் விரலைப் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்பேன். பெருமூச்சு விட்டுக்கொண்டு எஞ்சின் வந்து நிற்கும்போது, உயிருள்ள ஒன்றே எதிரில் நிற்பதாகத் தோன்றும்.

பல ஆண்டுகளுக்குப் பின், தலைமையாசிரியனாக இருந்தபோது, மாணவர்களை ஒரு சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றேன். ஓரிடத்தில் மேடை கட்டி, நீராவி எஞ்சின் ஒன்றைக் காட்சிக்கு நிறுத்தியிருந்தார்கள். வர்ணம் பளபளத்தது. ஒரு மாணவன் அதன் அடிப்பகுதியை விரலால் தட்டினான்; துருச் செதில் உதிர்ந்தது. "ஐயா, இது மறுபடியும் ஓடுமா?" என்று கேட்டான். அன்று எனக்கு விடை தெரியவில்லை. பிறகு தேடிக் கற்ற விடையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நீராவி எஞ்சினின் உயிர்நிலை அதன் கொதிகலன். நெருப்புப்பெட்டியில் எழும் வெப்பம் பல குழாய்களின் வழியே செல்ல, அவற்றைச் சூழ்ந்துள்ள நீர் கொதித்து ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது, சாதாரணக் காற்றழுத்தத்தில், ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். அவ்வாறு விரிய முற்படுவதை அடைத்து வைத்து உருளைக்குள் செலுத்தும்போது உந்துதண்டு அசைகிறது, சக்கரம் சுழல்கிறது. அடைபட்ட இந்த ஆற்றலே எஞ்சினின் வலிமை; அதன் ஆபத்தும் அதுவே.

ஆகவே, பழைய எஞ்சினைப் புதுப்பிப்போர் முதலில் கொதிகலனையே ஆராய்வார்கள். தகடு எங்கே மெலிந்துள்ளது, குழாய் எங்கே அரித்துள்ளது என்று பார்ப்பார்கள். நைந்தவற்றை மாற்றிய பின், கலன் முழுவதும் குளிர்ந்த நீரை நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட அதிகமாக அழுத்திச் சோதிப்பார்கள். ஆவியால் சோதிக்காமல் நீரால் சோதிப்பது ஏன்? நீர் எளிதில் சுருங்குவதுமில்லை, விரிவதுமில்லை. பழுது இருந்தால் அது கசிந்து காட்டிவிடும். ஆவியோ வெடித்துக் காட்டும்!

அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி என்பதை அறிவீர்கள். வெந்நீர்ப் பானையின் அடியில் வெண்மையான படலம் படிவதை இங்குள்ள வீடுகளில் காணலாம். கொதிகலனுள்ளும் அவ்வாறே படியும். அந்தப் படலம் வெப்பத்தை நீருக்குச் செல்லவொட்டாமல் தடுப்பதால், தகடு அளவுமீறிச் சூடேறிப் பழுதாகும். எனவே கொதிகலனை அடிக்கடி கழுவ வேண்டும். குளிர்ந்த எஞ்சினை அவசரமாகச் சூடேற்றவும் கூடாது. பல மணி நேரம் மெல்ல மெல்லச் சூடேற்றினால்தான் உலோகம் சீராக விரியும். பெட்டிகளைப் பேணுவதோ தச்சரின் கலை. மழைநீர் புகுந்து உளுத்த மரச்சட்டத்தை, வர்ணத்தால் மறைக்காமல், எடுத்துவிட்டு வேறு சட்டம் பொருத்த வேண்டும்.

இவ்வளவும் செய்தால் எஞ்சின் ஓடுமா? ஓடும். 1855ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்ட 'ஃபேரி குவீன்' எஞ்சினுக்கு நம் சென்னைப் பெரம்பூர்த் தொழிலாளர்கள் புத்துயிர் அளித்தனர். 1997இல் அது மீண்டும் ஓடியது. அதன் உடன்பிறப்பான 'எக்ஸ்பிரஸ்' என்ற எஞ்சின் நூறாண்டுக்கு மேல் காட்சிப்பொருளாக நின்றது. அதையும் 2010இல் பெரம்பூர்த் தொழிலாளர்களே ஓட வைத்தனர்.

நம் நாட்டில் இப்பணியைப் பெரும்பாலும் ரயில்வே ஊழியர்களே செய்கின்றனர். ஆனால் ஊதியம் வாங்காத ஆர்வலர்களாலும் இது இயலும் என்று உலகுக்குக் காட்டியது வேல்ஸ் நாட்டின் டாலிலின் என்னும் சிறு ரயில்பாதை. அதன் உரிமையாளர் 1950இல் காலமானார். பாதை மூடப்படும் நிலை வந்தது. அன்பர்கள் சிலர் சங்கம் கூட்டி, 1951இல் தாங்களே வண்டியை ஓட்டத் தொடங்கினர். அப்போது ஓடத் தகுந்த நிலையில் இருந்த எஞ்சின் ஒன்றே ஒன்று! விடுமுறை நாள்களில் வந்து தண்டவாளம் சீரமைத்தவர்கள் அவர்கள். உலகில் தொண்டர்களால் காக்கப்பட்ட முதல் ரயில்பாதை அதுவே.

அன்பு மட்டும் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியுமுன், அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தருகே வெள்ளம் கரையை அரித்துவிட்டது. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி விரைவுவண்டியின் எஞ்சினும் பெட்டிகள் பலவும் ஆற்றில் வீழ்ந்தன. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். நான் பிறக்குமுன் நடந்தது இது. ஆயினும் அதைச் சொல்லும்போதெல்லாம் என் தந்தையாரின் குரல் தாழ்ந்துவிடும். இருப்புப்பாதையில் எதையும் 'இருக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று விட முடியாது. தொண்டராயினும் முறையாகக் கற்று, தேர்ந்தவரின் சோதனைக்கு உட்பட்டே கை வைக்க வேண்டும்.

அந்தக் கல்விக்கு எங்கே செல்வது? தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட நீலகிரி மலை ரயிலில், 12.5 அடிக்கு 1 அடி ஏறும் செங்குத்தான பாதையில், பற்சட்டத்தைக் கவ்விக்கொண்டு நீராவி எஞ்சின்கள் ஏறுகின்றன. சுவிட்சர்லாந்தில் செய்த பழைய எஞ்சின்கள் தேய்ந்தபோது, அரியலூரை அடுத்த மாவட்டத்திலுள்ள திருச்சிப் பொன்மலைத் தொழிற்சாலையிலேயே 2011 முதல் புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டினார்கள். சித்தரஞ்சன் தொழிற்சாலை 1972இல் நீராவி எஞ்சின் கட்டுவதை நிறுத்திவிட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். நாற்பது ஆண்டுகளாக நாடு மறந்திருந்த ஒரு கைத்திறன் பொன்மலையில் மீண்டும் உயிர்பெற்றது!

அந்த மாணவனுக்கு நான் சொல்ல வேண்டிய விடை இதுதான். இரும்பு துருப்பிடித்தால் வேறு இரும்பு வார்க்கலாம். சுத்தியலால் தட்டி, ஓசையைக் கொண்டே ஆணியின் பழுதை அறிந்த முதியவர் மறைந்துவிட்டால், அவருடைய செவியை வார்க்க எந்தப் பட்டறையும் இல்லை. அவர் இருக்கும்போதே ஓர் இளைஞன் அருகில் நின்று கேட்டுப் பழக வேண்டும். தம்பி, எஞ்சின் ஓடும். நீ சென்று கற்றால் ஓடும்.