மதிய இடைவேளையில் கம்ப்யூட்டரும் நீங்களும்

அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் எலெக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. ஜிஎஸ்டி பில் போடுவதற்காக அந்த அண்ணன் சமீபத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். தேய்பிறை அஷ்டமியன்று காலபைரவர் கோயிலுக்குக் கூட்டம் வந்தால் அவருக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. மற்ற நாட்களில் ஒன்றரை மணிக்கு மேல் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். போன மாதம் அப்படி ஒரு மதியம் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இதுல ஒரு கேம் இறக்கலாம்னு பார்த்தா, ஏதோ யெஸ், நோன்னு கேட்குது. யெஸ் கொடுத்துடவா?"

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன் நான். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

ஏன் ஓடினேன் என்று சொல்கிறேன். பெங்களூரில் என் முதல் வேலை. சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மதிய இடைவேளையில் ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து இலவச கேம் ஒன்றை டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்தேன். கேமுடன் கேட்காத இரண்டு புரோகிராம்களும் உள்ளே வந்தன. பிரவுசரைத் திறந்தால் விளம்பரமாகக் கொட்டியது. மாலைக்குள் என் கம்ப்யூட்டரை நெட்வொர்க்கிலிருந்து துண்டித்து, ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தமாக அழித்தார்கள். இரண்டு நாள் எழுதிய புரோகிராம் போயிற்று. வேலையும் போயிருக்கும், மேனேஜர் கடைசி எச்சரிக்கை என்று சொல்லி விட்டுவிட்டார். எனக்குப் போனது இரண்டு நாள் வேலை. அண்ணனுக்குப் போயிருந்தால் ஒரு வருடக் கணக்கு.

அந்த யெஸ், நோ விண்டோ வெறும் தொல்லை அல்ல. ஒரு புரோகிராம் விண்டோஸின் உள் அமைப்பில் கை வைக்கப் போகிறது என்பதற்கான அறிவிப்பு அது. நீங்களாகத் தொடங்கிய, நம்பகமான இடத்திலிருந்து எடுத்த புரோகிராம் என்றால் மட்டும் யெஸ் கொடுங்கள். சந்தேகம் என்றால் நோ. நோ கொடுத்தால் எதுவும் கெட்டுவிடாது.

விளையாடத்தான் வேண்டும் என்றால் சாலிடேர் இருக்கிறதே! ஸ்டார்ட் மெனுவில் சாலிடேர் என்று தேடுங்கள். இல்லாவிட்டால் மைக்ரோசாப்ட் ஸ்டோரில் இலவசமாகவே கிடைக்கும். இடையிடையே விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மவுஸ் பிடிக்கக் கை நடுங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. சீட்டை இழுத்து வைக்கப் பழகிவிட்டால், பைல்களை இழுத்து வைப்பதும் அதே வேலைதான்.

இந்த விளையாட்டை 1988ல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் பயிற்சி மாணவராக இருந்த வெஸ் செரி எழுதினார். சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர். 1990ல் விண்டோஸ் 3.0 உடன் வெளியானது. மேலதிகாரி வந்தால் ஒரு கீயை அழுத்தி, வேலை செய்வதுபோல் திரையை மாற்றிக்கொள்ளும் வசதியும் செரி வைத்திருந்தார். நிறுவனம் அதை எடுக்கச் சொல்லிவிட்டது. 2006ல் நியூயார்க் மேயர் புளூம்பெர்க், ஓர் ஊழியரின் திரையில் சாலிடேர் இருந்ததைப் பார்த்து அவரை வேலையிலிருந்தே நீக்கினார். அந்தக் கீ இருந்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பார்.

எனக்குப் பிடித்தது ப்ரீசெல். 52 சீட்டும் கண்ணெதிரே திறந்தே இருக்கும்; அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை, யோசனைதான். விண்டோஸ் 95ல் வந்த ப்ரீசெல்லில் 1 முதல் 32,000 வரை எண்ணிட்ட ஆட்டங்கள் இருந்தன. 1994-95ல் இணையத்தில் சேர்ந்த ஆர்வலர்கள் இவற்றைப் பங்கு போட்டுக்கொண்டு ஆடிப் பார்த்தார்கள். தீர்க்க முடியாமல் நின்றது ஒன்றே ஒன்று, எண் 11,982. பள்ளி லேபில் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் எப்3 அழுத்தி, இது தெரியாமல் ஒரு வாரம் அந்த எண்ணோடு மல்லுக்கட்டியவன் நான். சொல்லிக் கொடுத்த நண்பன் இன்னும் சிரிக்கிறான்.

விளையாட்டு அலுத்தால் தமிழ் டைப்பிங் பழகலாம். 1999ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 கீபோர்டில் உயிரெழுத்துகள் இடது கையில், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கையில். அம்மா என்று அடிக்க ஏ, கே, கே, க்யூ என நான்கே கீகள். ஒரே எழுத்தை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்வேஜ் பிரிவில் தமிழைச் சேர்த்து, லாங்வேஜ் ஆப்ஷன்ஸ் மூலம் தமிழ்99 கீபோர்டைத் தேர்ந்தெடுக்கவும். மாற்றிக்கொள்ள விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பார்.

படிக்க விருப்பமா? 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் சங்க இலக்கியம் முதல் இலவசமாகக் கிடைக்கும். நம்மூர் அதியமானை ஔவை பாடிய பாட்டெல்லாம் புறநானூற்றில் உண்டு, தேடிப் பாருங்கள். ஒன்று மட்டும்: கீபோர்டுக்கு மேல் வைத்துச் சாப்பிடாதீர்கள். சாம்பார் உள்ளே போனால் வெளியே வராது.

அண்ணன் கடையில் அன்று நோ கொடுத்தோம். பிறகு செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் சென்று ஸ்டாண்டர்ட் யூசராக இன்னொரு கணக்கு உருவாக்கினோம். விளையாட்டு எல்லாம் அதில்தான். அங்கிருந்து பெரும்பாலான புரோகிராம்களை இன்ஸ்டால் செய்ய முயன்றால் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் கேட்கும். பில் கணக்கை ஒரு பென் டிரைவில் காப்பி செய்து, கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். இப்போது சனிக்கிழமைதோறும் புதிய காப்பி எடுக்கிறார்.

நேற்று மதியம் மறுபடி கூப்பிட்டார். "தம்பி, அந்த 11,982ஐ நானும் ஒரு கை பார்க்கிறேன். எங்கே போய் ஆடுறது?"