தறி வீட்டில் இடம் பிறக்க வழி!

கழிக்கும் முன் கேளுங்கள்

காஞ்சிபுரம் பட்டுச் சேலையை அறியாதவர் உண்டா? அந்தச் சேலை பிறக்கும் இடம் எது? பெரிய ஆலையா? இல்லை. பெரும்பாலும் ஒரு சிறிய வீடுதான்.

கூடத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொள்ளும். மீதிப் பாதியில்தான் குடும்பம் நடக்க வேண்டும். கணவர் தறிக்குழியில் கால் வைத்து நெய்வார். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாக வரும் கோர்வைச் சேலைக்கு இருவர் வேண்டும். அப்போது மனைவி பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளுவார். மாமியார் ராட்டையில் தார் சுற்றுவார். பிள்ளைகள் மூலையில் பாடம் படிப்பார்கள்.

நாள் ஆக ஆக அங்கே அடைசல் சேரும். உடைந்த நாடா, அறுந்த விழுது, பழைய அட்டை, காலி டப்பா! காலை வைக்க இடம் இருக்காது.

அடைசல் செய்யும் கேடு

அடைசலில் எலி குடியேறும். எலி பாவைக் கடித்தால் இழை இழையாக முடிச்சுப் போட வேண்டும். தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டின் பகைவர்கள். ஒரு சேலையை நெய்யப் பத்து நாளும் ஆகலாம். பதினைந்து நாளும் ஆகலாம். ஒரே ஒரு கறை பட்டால் போதும், அத்தனை நாள் உழைப்பின் கூலி குறைந்துவிடும்.

ஆகவே வீட்டை ஒழுங்குபடுத்தத்தான் வேண்டும். ஆனால் எப்படி?

அவசரக் கத்தரி வேண்டாம்!

பாவு முடிந்து சேலையை அறுத்த பிறகு, அச்சிலும் விழுதிலும் கொஞ்சம் நூல் தொங்கும். பார்த்தால் குப்பை போலத் தெரியும். புதிதாக வந்த மருமகள் நல்ல எண்ணத்தோடு அதை வெட்டி எறிந்துவிட்டால் என்ன ஆகும்?

அந்த நுனிகளோடுதான் புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள்! நுனி போய்விட்டால் எல்லா இழைகளையும் விழுதிலும் அச்சிலும் முதலிலிருந்து கோக்க வேண்டும். அதுவரை தறி ஓடாது. தறி ஓடாத நாளில் கூலி ஏது?

அட்டைக் கட்டும் அப்படித்தான். தறியின் மேலே உள்ள ஜக்கார்டு பெட்டியைப் பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பவர் 1804-இல் உருவாக்கினார். அட்டையில் உள்ள துளைகள்தான் எந்த இழை மேலே எழ வேண்டும் என்று சொல்லும். ஓர் அட்டை தொலைந்தாலும் மயிலோ மாங்காயோ உருக்குலைந்துவிடும். இப்போது சில தறிகளில் மின்னணுப் பெட்டி வந்துவிட்டது. ஆனாலும் பழைய அட்டைக் கட்டில் தாத்தா காலத்துப் புட்டா இருக்கலாம். பெரியவரைக் கேட்காமல் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போடக் கூடாது.

மூன்று குவியல்

ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏறும் முன், ஒரு நாள் ஒதுக்குங்கள். தறியின் மேல் பழைய வேட்டியைப் போர்த்துங்கள். பிறகு பொருள்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், தினமும் வேண்டியவை. நாடா, தார், கத்தரி இவை நெய்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது, எப்போதாவது வேண்டியவை. அட்டைகளை வரிசை மாறாமல் கட்டி, மேல் எண் எழுதி, ஈரம் படாத பரணில் வையுங்கள்.

மூன்றாவது, வேண்டாதவை. விரிந்துபோன நாடாவை வைத்திருக்காதீர்கள். அதன் சிராய் பட்டு இழையை அறுக்கும்.

ஒவ்வொரு பொருளுக்கும் "இது யாருடையது?" என்று கேளுங்கள். உரியவர் சரி என்றால்தான் அது வெளியே போகலாம். மாமியாரின் ராட்டையை மருமகளும், மருமகளின் தையல் பெட்டியை மாமியாரும் தாமாகவே கழிக்கக் கூடாது. பாதிச் சண்டை இதில்தான் தொடங்குகிறது!

சரிகைத் துணுக்கு

அசல் சரிகை என்பது பட்டு இழையின் மேல் மெல்லிய வெள்ளியைச் சுற்றித் தங்கப் பூச்சு ஏற்றியது. எனவே துணுக்கும் காசுதான். ஒரு டப்பாவில் சேர்த்து எடைக்குப் போடலாம். புதுச் சரிகையை ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பருத்தித் துணியில் சுற்றுங்கள். பட்டு நூலை நிழலில் வையுங்கள். வெயில் பட்டால் சாயமும் போகும், வலுவும் போகும்.

குழியை மறவாதீர்

குழிக்குள்ளும் பார்க்க வேண்டும். அங்கே சேரும் குப்பையில் தேள் ஒளிந்திருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழியில் நீர் ஊறும். ஆகையால் மழைக்கு முன்பே சுத்தம் செய்வது நல்லது. ஆயுத பூஜைக்குத் தறியைத் துடைத்துப் பொட்டு வைப்பது வழக்கம்தானே? அதற்கு முந்தின நாளே இதற்கு ஏற்றது. வேலை இல்லாதபோது குழியைப் பலகையால் மூடுங்கள். தவழும் குழந்தைக்கு அதுவே காவல்.

நான்கு பேர் உழைக்கும் வீட்டில் நான்கு பேருக்கும் இடம் வேண்டும். கூடி உட்கார்ந்து கேட்டுக் கழித்தால் குப்பையும் போகும், மனத்தாங்கலும் வராது. வெளியே போக வேண்டியது தூசிதான், தொழில் அல்ல!