மிதக்கும் வீட்டுக்குப் பட்டா இல்லை

லண்டனில் ஓர் அறைக்கு வாடகை கேட்டாலே தலை சுற்றுகிறது. அதற்குப் பதிலாகக் கால்வாயில் ஒரு படகை வாங்கிப் போட்டு அதிலேயே குடியிருந்துவிட்டால் என்ன என்று ஆங்கிலேய இளைஞர்கள் மட்டுமல்ல, அங்கே படிக்கவும் வேலை பார்க்கவும் போன நம்மவர்களும் அவ்வப்போது யோசிக்கிறார்கள். ஏழடிக்குச் சற்றுக் குறைவான அகலம், ஐம்பது அறுபது அடி நீளம். உள்ளே சமையல் மேடை, கட்டில், விறகு அடுப்பு. நாரோபோட் என்று பெயர். ஜன்னலைத் திறந்தால் வாத்துகள். வீடியோக்களில் காட்டுவது அத்தனையும் உண்மைதான். காட்டாமல் விடுவது ஒன்று உண்டு: படகு உங்களுடையது, அது நிற்கும் இடம் உங்களுடையது அல்ல. கால்வாய் வாழ்க்கையில் வருகிற சட்டச் சிக்கல்களில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்திலிருந்து முளைப்பவை.

இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் பெரும்பகுதி, ஏறத்தாழ 2,000 மைல், கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. அரசு நிறுவனமாக இருந்த பிரிட்டிஷ் வாட்டர்வேஸிடமிருந்து 2012-ல் இது பொறுப்பேற்றது. தேம்ஸ் நதியில் கடல் ஏற்ற இறக்கம் எட்டாத பகுதி, என்விரான்மென்ட் ஏஜென்சி என்ற அரசு அமைப்பின் ஆளுகை. ஸ்காட்லாந்துக்குத் தனி அமைப்பு. எந்தத் தண்ணீரில் படகை இறக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து லைசென்ஸும் விதியும் மாறும். இங்கே சொல்வது டிரஸ்ட்டின் கால்வாய்களைப் பற்றி.

1995-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டப்படி, லைசென்ஸ் கிடைக்க மூன்று காரியங்கள் வேண்டும். படகுப் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மூன்றாம் நபருக்கான காப்பீடு இரண்டாவது. மூன்றாவதுதான் தகராறின் ஊற்று: படகை நிரந்தரமாகக் கட்டி வைக்க ஓர் இடம், அதாவது ஹோம் மூரிங், வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் காலம் முழுக்க உண்மையாகவே பயணம் செய்துகொண்டிருக்க வேண்டும். ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. சூழ்நிலையைப் பொறுத்து நியாயமான கூடுதல் காலம் உண்டு என்றும் அதே சட்டம் சொல்கிறது. இந்தக் கடைசி வாக்கியத்தைப் பலர் கவனிப்பதில்லை, பிறகு சொல்கிறேன்.

மூரிங் இல்லாமல் ஊர் ஊராகப் போகிறவர்களைக் கன்டினியுவஸ் குரூஸர் என்கிறார்கள். மூரிங் வாடகை மிச்சம் என்று எண்ணித்தான் பெரும்பாலானோர் இதில் இறங்குகிறார்கள். இரண்டு பாலங்களுக்கு நடுவே 14 நாளுக்கொரு முறை படகை மாற்றிக் கட்டினால் போதும் என்ற நினைப்பு தவறு. எத்தனை மைல் போக வேண்டும் என்று சட்டத்தில் எழுதவில்லை. ஆனால் ஓராண்டில் 20 மைலுக்கும் குறைந்த எல்லைக்குள் சுற்றிக்கொண்டிருந்தால் தன்னைத் திருப்திப்படுத்துவது கடினம் என்று டிரஸ்ட் தன் வழிகாட்டுதலில் சொல்கிறது. டிரஸ்ட்டின் ஆட்கள் கரையோரம் நடந்தும் சைக்கிளில் போயும் படகு எண்களைக் குறித்துக்கொள்கிறார்கள். நகர்வு போதவில்லை என்று பட்டால், புதுப்பிக்கும்போது ஓராண்டுக்குப் பதில் ஆறு மாத லைசென்ஸ்தான் தருவார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும் குடும்பம் இந்த விதிக்குள் வாழ்வது பெரும்பாடு. வேலையிடம் ஒரே ஊரில் இருப்பவருக்கும் அப்படித்தான். இது போதாதென்று, 2024 ஏப்ரலிலிருந்து இவர்களுக்கு லைசென்ஸ் கட்டணத்தில் 5 சதவீதம் கூடுதல் விதித்து, அதை ஆண்டுதோறும் ஏற்றி 2028-ல் 25 சதவீதமாக்கும் திட்டத்தை டிரஸ்ட் அறிவித்தது. கால்வாயை அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர்கள் தரப்பு. வீடில்லாதவன் தலையில் வரி என்பது படகுக்காரர்கள் தரப்பு. எனக்கு இரண்டாவது தரப்பில்தான் நியாயம் அதிகம் தெரிகிறது. ஆனால் லைசென்ஸ் வாங்கப் போகிறவர் கட்டணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

சரி, மூரிங் எடுத்துவிடலாம் என்றால் அதிலும் இரண்டு வகை. பொழுதுபோக்குக்குப் படகு வைத்திருப்பவருக்கான லெஷர் மூரிங், குடியிருப்பவருக்கான ரெசிடென்ஷியல் மூரிங். பின்னதற்கு உள்ளூர் மன்றத்தின் திட்ட அனுமதி வேண்டும் என்பதால் இடம் குறைவு, விலை அதிகம். லெஷர் மூரிங்கை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் குடியிருப்பவர்கள் நிறையப் பேர். மெரினா, அதாவது படகுத்துறை, உரிமையாளர் கண்டுகொள்ளாமல் இருக்கும் வரை பிழைப்பு ஓடும். மன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் முதலில் வெளியேறச் சொல்வது உங்களைத்தான். முறையான ரெசிடென்ஷியல் மூரிங்கிலும் வீட்டு வாடகைக்காரருக்கு உள்ள பாதுகாப்பை எதிர்பார்க்காதீர்கள். நகர்த்தக்கூடிய வீடுகளில் இருப்போரைக் காக்கும் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் படகுக்குப் பொருந்தாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் உரிமை. முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு, படகை விற்றால் மூரிங்கும் சேர்ந்து போகுமா, கட்டணத்தை எப்போது ஏற்றலாம் என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன் படித்துவிடுங்கள். அதுவே உங்கள் பிரதான குடியிருப்பு என்றால் கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளூர் மன்ற வரியும் வரலாம்.

வாங்கும்போது ஏமாறுவது

நம் ஊரில் நிலம் வாங்கினால் வில்லங்கச் சான்று பார்ப்போம். கால்வாய்ப் படகுக்கு அப்படியொன்று கிடையாது. யார் உரிமையாளர் என்று காட்டும் கட்டாயப் பதிவேடு இல்லை. டிரஸ்ட் தரும் லைசென்ஸ் உரிமைப் பத்திரமும் ஆகாது. முந்தைய விற்பனைப் பத்திரங்கள், பராமரிப்பு ரசீதுகள், கடன் பாக்கி இல்லை என்ற எழுத்து, இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். தர மறுப்பவரிடம் பேரம் பேசிப் பயனில்லை.

பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறது, ஆகவே படகு நல்ல படகு என்று நினைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அந்தச் சான்றிதழ் எரிவாயு, மின்சாரம், எரிபொருள், தீ ஆகியவற்றைப் பார்க்கும். அடித்தகடு அரித்துப் போயிருக்கிறதா என்று பார்க்காது. இரும்புப் படகை 10, 6, 4 என்பார்கள்: அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கம் 6, மேற்கட்டு 4. காலப்போக்கில் துரு தின்றுகொண்டே வரும். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, அல்ட்ராசவுண்ட் கருவியால் தகட்டின் கனத்தை இடம் இடமாக அளக்கும் சர்வேயரை நீங்களே அமர்த்த வேண்டும். விற்பவர் காட்டும் பழைய அறிக்கை அவருக்காக எழுதப்பட்டது. அதை நம்பி ஏமாந்தால் அந்தச் சர்வேயர்மீது வழக்குப் போடுவது கடினம். பக்கத்தகடு 4 மில்லிமீட்டருக்குக் கீழே மெலிந்திருந்தால் முழுக் காப்பீடு தரப் பல நிறுவனங்கள் தயங்கும்.

வியாபாரி தன் சொந்தப் படகை விற்றால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். தரகர் வழியாகத் தனிநபர் விற்கும் படகுக்கு அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் எட்டாது. விவரத்தைத் திரித்துச் சொன்னார் என்று நிரூபித்தால்தான் பரிகாரம். எனவே கேள்விகளை வாயால் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். 10,000 பவுண்டுக்குள் உள்ள கோரிக்கை என்றால் சிறு வழக்கு முறையில், வக்கீல் இல்லாமலே தாக்கல் செய்யலாம்.

படகை வாடகைக்கு எடுக்கிறவர்கள் இன்னொரு விஷயத்தைப் பார்க்க வேண்டும். படகை வாடகைக்கு விட சாதாரண லைசென்ஸ் செல்லாது, வியாபார லைசென்ஸ் வேண்டும். அது இல்லாமல், மாத வாடகையும் அட்வான்ஸும் ரொக்கமாக வாங்கிக்கொண்டு, 14 நாளுக்கொரு முறை நகர்த்தும் வேலையையும் வாடகைக்காரர் தலையில் கட்டும் ஆட்கள் லண்டனில் இருக்கிறார்கள். லைசென்ஸ், சான்றிதழ், காப்பீடு மூன்றின் நகலையும் காட்டச் சொல்லுங்கள்.

உயிருக்கு ஆபத்தானவை

படகு வாழ்க்கையில் ஆளைக் கொல்வது தண்ணீர் மட்டுமல்ல, காற்றும்தான். மூடிய சிறு இரும்பு அறை, நடுவில் கரி அடுப்பு. இரவு முழுக்கக் கனன்றுகொண்டிருக்கட்டும் என்று காற்றுத் துளையை அடைத்துப் படுத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கும். நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், அசதி. சளிக்காய்ச்சல் என்று எண்ணிப் போர்த்திப் படுப்பார்கள். 2013 ஈஸ்டர் சமயத்தில் விண்டர்மியர் ஏரியில் ஒரு படகில் ஜெனரேட்டர் புகை உள்ளே கசிந்து தாயும் மகளும் இறந்தார்கள். குடியிருக்க வசதியுள்ள படகுகளில் இந்த வாயுவுக்கான அலாரம் 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம். அடுப்பிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தூரத்தில், தலை உயரத்தில் மாட்டுங்கள். பக்கத்துப் படகின் என்ஜின் புகையும் உங்கள் ஜன்னல் வழியே வரும் என்பதை மறக்க வேண்டாம். அலாரம் அடித்தால் அடுப்பைப் பார்க்காதீர்கள், ஆளைக் கரையேற்றுங்கள். அவசர உதவிக்கு 999-ஐ அழையுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிப்பள்ளத்தில் போய்த் தங்கும், ஒரு பொறிக்குக் காத்திருக்கும்.

அடுத்தது லாக். கால்வாயின் மட்டம் மாறுமிடத்தில் படகை ஏற்றி இறக்கும் கல் தொட்டி. இறங்கும்போது மேல்கதவை ஒட்டி, தண்ணீருக்குள் ஒரு கல்திண்டு நீட்டிக்கொண்டிருக்கும். சில் என்பார்கள். படகின் பின்பகுதி அதன்மேல் நிற்கையில் தண்ணீர் இறங்கினால், பின்பகுதி திண்டில் மாட்டிக்கொள்ள, முன்பகுதி கீழே போக, சில நிமிடங்களில் படகு மூழ்கும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். அதற்கு முன்னாலேயே படகை வைத்திருக்க வேண்டும். கரையில் மதகு திறப்பவரும் சுக்கானில் நிற்பவரும் ஒருவரையொருவர் பார்க்க முடிய வேண்டும். மதகு திறக்கும் இரும்புக் கைப்பிடியை அச்சில் மாட்டியபடி விட்டுவிட்டுப் போகக் கூடாது; பிடி நழுவினால் அது சுழன்று தாடையைப் பெயர்த்துவிடும்.

இன்னொன்று, கேட்டால் அற்பமாகத் தோன்றும். ப்ரொபெல்லரில் பிளாஸ்டிக் பையோ கயிறோ சுற்றிக்கொள்ளும். என்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, படகின் பின்புறத் தளத்தில் உள்ள சதுர மூடியைத் திருகித் திறந்து, கையை முழங்கைவரை குளிர்ந்த சேற்று நீரில் விட்டுத் தடவித் தடவி அறுத்தெடுக்க வேண்டும். கை விறைத்த எரிச்சலில் மூடியை அரைகுறையாக வைத்துவிட்டு என்ஜினைக் கிளப்பினால், ப்ரொபெல்லர் தள்ளும் நீர் அந்த வழியாகவே படகுக்குள் பாயும். இப்படி மூழ்கிய படகுகள் உண்டு. கால்வாய் நீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும். கையில் சிராய்ப்பு இருந்தால் லெப்டோஸ்பைரோசிஸ் வரலாம். ஒரு வாரம் இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் கால்வாய் விஷயத்தைச் சொல்லுங்கள்.

அன்றாடம்

வேக வரம்பு மணிக்கு 4 மைல், நடைவேகம். குடிநீரைக் கரையோரக் குழாயில் பிடித்துத் தொட்டியை நிரப்ப வேண்டும். கழிவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அதற்கான இடத்தில் கொட்ட வேண்டும். கால்வாயில் விடக் கூடாது. உரமாக்கும் கழிவறை வைத்திருப்பவர்கள் அந்தக் கழிவை டிரஸ்ட்டின் குப்பைத் தொட்டியில் போடவும் 2021-ன் இறுதியில் தடை வந்துவிட்டது. நவம்பர் முதல் மார்ச் வரை பழுதுபார்ப்புக்காக லாக்குகளை மூடுவார்கள். அறிவிப்பைப் பார்க்காதவர் தண்ணீர்க் குழாய் இல்லாத பகுதியில் வாரக்கணக்கில் மாட்டிக்கொள்வார்.

முகவரி இல்லாதது பெரிய தலைவலி. ஆனால் மருத்துவரிடம் பதிவதற்கு முகவரிச் சான்று தேவையில்லை என்பது தேசியச் சுகாதாரச் சேவையின் விதி. வரவேற்பில் இருப்பவர் மறுத்தால் அந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள். நிலையான முகவரி இல்லாதவர் உள்ளூர்த் தொடர்பு உறுதிமொழி கொடுத்து வாக்காளராகலாம். சட்டப்படி அங்கே வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கும் காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் வாக்குரிமை உண்டு. மூரிங் கட்டணத்துக்கு அரசு உதவி கேட்க வழி இருக்கிறது. ஆனால் அரசுப் பணம் பெறக் கூடாது என்ற நிபந்தனையுள்ள விசாவில் இருப்பவர் அதன் பக்கமே போகக் கூடாது, விசாவுக்கே வினையாகும்.

மேலே விட்ட கூடுதல் கால விஷயத்துக்கு வருகிறேன். நோய், என்ஜின் பழுது, பனிக்கட்டி, வெள்ளம், பிரசவம் போன்றவற்றால் 14 நாளில் நகர முடியாவிட்டால் கூடுதல் நாள் கேட்கலாம். கெடு முடிவதற்குள் கேளுங்கள். டாக்டர் சீட்டு, மெக்கானிக் ரசீது, படம் ஏதாவது இணையுங்கள். உடல் ஊனமோ நீண்ட கால நோயோ இருந்தால் 2010 சமத்துவச் சட்டத்தின்கீழ் நகர்வு விதியில் நியாயமான மாற்றம் கோரலாம். எந்தத் தேதியில் எங்கே கட்டினீர்கள் என்று நாட்குறிப்பு வையுங்கள். பாலத்தின் எண் தெரியும்படி ஒரு படம் போதும்.

டிரஸ்ட்டின் நடவடிக்கையில் குறை இருந்தால் அவர்களிடமே இரண்டு படிகளில் புகார் செய்து, பிறகு வாட்டர்வேஸ் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. படகுவாசிகளுக்காகவே நேஷனல் பார்ஜி டிராவலர்ஸ் அசோசியேஷன் என்ற அமைப்பும் இருக்கிறது. இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். நிபந்தனையை மீறியதாக டிரஸ்ட் கருதினால் குறையைச் சரிசெய்ய 28 நாள் நோட்டீஸ் தந்த பிறகே லைசென்ஸை ரத்து செய்ய முடியும். லைசென்ஸ் போன பின் 1983-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி படகையே அகற்றலாம். அதற்கும் 28 நாள் நோட்டீஸ் வேண்டும். ஆள் குடியிருக்கும் படகு என்றால் டிரஸ்ட் முதலில் நீதிமன்றம் போகும் வழக்கம் இருக்கிறது. அங்கே உங்கள் நிலைமையைச் சொல்ல வாய்ப்புண்டு. அங்கேயும் கேட்பது தேதி, கடிதம், ரசீது இவற்றைத்தான். அதனால் நோட்டீஸ் கையில் கிடைத்த அன்றே பதில் எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.