தமிழ் ஒருங்குறியும் பின்னோக்கிய இணக்கமும்

பின்னோக்கிய இணக்கம் என்பது ஒரு மென்பொருளோ நியமமோ புதுப்பிக்கப்படும்போது, பழைய பதிப்பில் உருவான கோப்புகளும் நிரல்களும் மாற்றமின்றித் தொடர்ந்து இயங்குமாறு பார்த்துக்கொள்வதாகும். பயனருக்கு இது பாதுகாப்பு. வடிவமைப்பாளருக்கோ முதல் நாளில் எடுத்த முடிவைக் கடைசிவரை சுமக்கும் கடப்பாடு. கணினியிலும் கைப்பேசியிலும் தமிழை எழுதப் பயன்படும் ஒருங்குறி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இஸ்கியிலிருந்து வந்த வரிசை

இந்திய மொழிகளுக்காக 1988 இல் வரையறுக்கப்பட்ட இஸ்கி என்னும் குறியேற்றம், பல எழுத்துமுறைகளை ஒரே அட்டவணையில் அடக்கியது. தேவநாகரி 'க' இருந்த இடமே தமிழ் 'க'வுக்கும் உரியது. எழுத்துமுறையை மாற்றும் கட்டளையைக் கொடுத்தால் அதே குறியெண்கள் வேறு எழுத்தாகத் தோன்றும். 8 பிட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டிய காலத்தில் அது சிக்கனமான ஏற்பாடு. 1991 இல் ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளியானபோது ஒவ்வோர் இந்திய எழுத்துமுறைக்கும் தனியாக 128 இடங்கள் கிடைத்தன. சிக்கனத்துக்கான காரணம் அத்தோடு போய்விட்டது. ஆனால் இஸ்கியுடன் இணக்கம் வேண்டும் என்பதற்காக அதன் வரிசை பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டது. இன்றும் தேவநாகரி 'க'வின் எண்ணான 2325 உடன் 640 ஐக் கூட்டினால் தமிழ் 'க'வின் எண்ணான 2965 வரும்.

விளைவுகளை அட்டவணையிலேயே காணலாம். 'க'வுக்கு அடுத்த மூன்று இடங்கள் காலி. அங்கே தமிழில் இல்லாத வர்க்க எழுத்துகள் இருந்திருக்க வேண்டும். 2946 ஆம் இடத்தில் தமிழில் வழங்காத அனுஸ்வாரம் உட்கார்ந்திருக்கிறது. ஆய்த எழுத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் 'விசர்க்கம்'. புள்ளியின் பெயர் 'விராமம்'. இவற்றைத் திருத்த முடியாது. ஒருமுறை சேர்த்த எழுத்தை நீக்குவதில்லை, இடம் மாற்றுவதில்லை, பெயரையும் மாற்றுவதில்லை என்பது ஒருங்குறிச் சேர்த்தியத்தின் உறுதிமொழி.

பெயர்ப் பிழையால் யாருக்கும் நட்டமில்லை. வரிசைப் பிழை அப்படியல்ல. குறியெண் வரிசையில் 'ன' என்பது 'ப'வுக்கு முன்னும், 'ற' என்பது 'ர'வுக்குப் பின்னும், 'வ' என்பது 'ழ'வுக்குப் பின்னும் வருகின்றன. எண்களை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல், 'கனவு' என்பதைக் 'கப்பல்' என்பதற்கு முன்னே வைக்கும். தமிழ் அகராதி எதிலும் அப்படி இராது. இதைச் சரிசெய்ய, ஒவ்வொரு மொழிக்குமான அகரவரிசை விதிகள் தனி அடுக்காக எழுதப்பட்டுள்ளன. நிரலர் அவற்றை அழைத்தால் முறையான வரிசை கிடைக்கும், மறந்தால் கிடைக்காது.

எண்ணுவதிலும் இதே தொல்லை. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்கள். யூடிஎப்-8 வடிவில் 15 பைட்டுகள். சொல்லைத் திருப்பிப் போடும் எளிய நிரல், புள்ளியை முதலில் தனியே நிறுத்திவிடும்.

கொரிய விதிவிலக்கு

"கொரியருக்கு 11,172 அசைகளுக்கும் தனி இடம் தந்தவர்கள் நம் 247 எழுத்துகளுக்குத் தரக்கூடாதா?" என்ற கேள்வி தமிழ்க் கணிமை உலகில் அடிக்கடி எழும். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் விடையும் பின்னோக்கிய இணக்கமே. கொரியாவின் தேசிய நியமங்களில் முழு அசைகளுக்கு ஏற்கெனவே எண்கள் இருந்தன. இந்தியாவின் நியமமோ மெய்யையும் உயிர்க்குறியையும் பிரித்தே வைத்திருந்தது. ஒருங்குறி இரண்டையும் பின்பற்றியது. மேலும், 1996 இல் வந்த இரண்டாம் பதிப்பில் கொரிய அசைகள் பழைய இடத்திலிருந்து வேறிடத்துக்குப் பெயர்க்கப்பட்டன. பழைய எண்களில் இருந்த கோப்புகள் பொருளிழந்தன. அந்தக் குழப்பத்துக்குப் பிறகு, இனி எந்த எழுத்தையும் நகர்த்துவதில்லை என்று முடிவாயிற்று. கொரியருக்குத் திறந்த கதவு அவர்களுக்குப் பின்னால் சாத்தப்பட்டது.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் டேஸ்-16 குறியேற்றத்தைத் தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியோடு சேர்த்து நியமமாக ஏற்றது. வடிவமைப்பு என்ற அளவில் அதுவே தமிழின் இயல்புக்கு நெருக்கமானது. ஆனால் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அப்பகுதி எண்களுக்குப் பொதுப்பொருள் கிடையாது என்பதால், டேஸ்-16 அறியாத மென்பொருளுக்கு அந்த உரை தமிழென்றே தெரியாது. குறை உள்ள ஒருங்குறி நிலைத்ததற்கு எங்கும் படிக்க முடிந்ததே காரணம்.

பிற்சேர்க்கையும் சிக்கல் தரும்

'கொ'வின் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். இவ்விரண்டும் சமம் என ஒருங்குறி தொடக்கத்திலேயே அறிவித்திருப்பதால், உரையை இயல்பாக்கினால் ஒன்றாகிவிடும். 'ஸ்ரீ'யின் நிலை வேறு. 2005 இல் 'ஶ' சேர்க்கப்பட்ட பின் அதை ஸகரத்தாலும் எழுதலாம், ஶகரத்தாலும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகவே தெரியும், எண்கள் வேறு. இவை சமம் என்ற அறிவிப்பு இல்லை. நிலைத்தன்மை விதியால் இனிச் சேர்க்கவும் இயலாது. ஆகவே பெயர்ப்பட்டியலில் ஸ்ரீதரைத் தேடும் மென்பொருள், இரண்டு வடிவங்களையும் தானாகவே தேடிப் பார்க்குமாறு எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால், கண்முன்னே இருக்கும் பெயரை "இல்லை" என்று சொல்லிவிடும்.