தாளின் ஓரத்தில் ஒரு பெயர்

குத்தம்பாக்கம், திருமழிசை வட்டாரத்துச் சிறு தொழிற்கூட அலுவலகங்களில் நாலைந்து பேருக்கு ஒரு பிரிண்டர் இருந்தாலே பெரிது. கொட்டேஷன், டெலிவரி சலான், சம்பளச் சீட்டு எல்லாம் ஒரே தட்டில் வந்து விழும். சலானை அள்ளிக்கொண்டு போகிறவர் கையில் அடுத்தவர் சம்பளமும் போய்விடும். இதற்குப் பழைய மருந்து, அனுப்பியவர் பெயரோடு முதலில் ஒரு முகப்புத் தாள் அடிப்பது. லினக்ஸ், மேக் கணினிகளில் அச்சு வேலையைக் கவனிக்கும் 'கப்ஸ்' மென்பொருளில் அந்த வசதி இன்றும் உண்டு. ஆனால் ஒரு பக்கக் கடிதத்துக்கும் ஒரு தாள் தண்டம். முகப்பு பிரிந்துவிட்டால் மீதிப் பக்கங்கள் அநாதை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பெயர், தேதி, நேரம் மூன்றையும் பொடி எழுத்தில் ஒரு வரியாக அடிப்பதே மேல். பல பிரிண்டர்களின் டிரைவரிலேயே இதற்கு இடம் இருக்கிறது. இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் சர்வர் அந்த வரியைச் சேர்க்கும்.

இது வேவு பார்ப்பது ஆகாதா என்று கேட்கலாம். வேவு ஏற்கெனவே நடக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல். கலர் லேசர் பிரிண்டர்கள் பல, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத மஞ்சள் புள்ளிகளைத் தாள் முழுக்கத் தூவுகின்றன. ஜெராக்ஸ் டாக்குகலர் இயந்திரத்தின் புள்ளிகளை 2005இல் அமெரிக்காவின் டிஜிட்டல் உரிமை அமைப்பான இஎஃப்எஃப் படித்துக் காட்டியது: 15 பத்தி, 8 வரிசை, அதற்குள் இயந்திரத்தின் வரிசை எண், அச்சடித்த தேதி, நேரம். இதோடு ஒப்பிட்டால், எல்லோர் கண்ணிலும் படுகிற பெயர் நேர்மையானது.

கசிவைப் பிடிக்கத்தான் பெயர் என்று நினைக்கும் முதலாளிக்கும் ஒரு பதில் உண்டு. 2019 மார்ச்சில் ரஃபேல் போர் விமான ஒப்பந்த ஆவணங்கள் திருடு போனதாக உச்ச நீதிமன்றத்தில் சொன்ன அட்டர்னி ஜெனரல், இரண்டே நாளில், வெளிவந்தவை நகல்களே என்று விளக்கினார். அடிவரி சொல்வது அச்சடித்தவர் யார் என்பதை. நகல் எடுத்தவர் யார் என்பதை அல்ல. பெயரைக் கத்தரிக்க ஒரு ஸ்கேலும் பிளேடும் போதும். தாளை உரியவரிடம் சேர்ப்பதற்கு இது நல்ல ஏற்பாடு, குற்றம் சாட்டுவதற்கு அரைகுறைச் சாட்சி.

இன்னொன்று. அந்தப் பெயர் கணினியின் லாகினிலிருந்து வருகிறது. நாலு பேரும் 'அட்மின்' என்றே நுழைந்தால் நாலு பேர் தாளிலும் 'அட்மின்' என்றுதான் விழும். அடிவரி சேர்க்கும் முன் ஆளுக்கொரு லாகின் கொடுங்கள். வாடிக்கையாளருக்குப் போகும் கொட்டேஷனுக்கு மட்டும் அடிவரியிலிருந்து விலக்கு வையுங்கள்.